உப்புப் பார்ப்பது சாப்பாடு ஆகாது

ஜூலை 24

எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஆசைப்பட்டு எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொன்னவர் நஸ்ரின் மேடம். கோயமுத்தூரில் எனக்கு வயிற்று ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர். முப்பது வயதிருந்தால் அதிகம். "சாப்பிடறதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி எங்கிட்ட கொண்டு வாங்க. மனசுல இருக்கறத தனியா ஒரு நோட்டுல எழுதுங்க. அந்த நோட்ட நான் கேக்க மாட்டேன்" என்றார். கேட்டாலும் நான் கொடுப்பதாக இல்லை.

என் பெயர் துளசிமணி. வயது நாற்பத்தாறு. ஊர் கோபி. தொழில் கல்யாணச் சமையல், இருபத்திரண்டு வருஷமாக. இந்தப் பக்கத்தில் ஆயிரம் பேர் பந்திக்கு ஒரு பொம்பளை தலைமை தாங்கிச் சமைக்கிறாள் என்றால் அது நான்தான். வீட்டுக்காரர் குழந்தைவேலு டெம்போ ஓட்டுகிறார். பாத்திரங்களை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. ஒரே மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான்.

ஆபரேஷன் போன மார்கழியில். முகூர்த்தம் இல்லாத மாசம் என்று நானே கேட்டு வாங்கிய தேதி. அப்போது நூற்றிருபத்தெட்டு கிலோ. வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் மாதிரி மிச்சம் வைத்தார்கள். அழகுக்காக நான் இதைச் செய்துகொள்ளவில்லை. முட்டி போய்விட்டது. அடுப்புக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் சாம்பார் கிண்டுவதைப் பார்த்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அடுத்த வாரமே கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். அடுப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வயிற்றைக் கொடுத்தேன்.

சித்திரைக்குள் தொண்ணூற்றொன்றுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. நாலு மணி நேரம் நின்றேன், நடந்தேன், சத்தம் போட்டேன். வைகாசி, ஆனியில் பதினேழு கல்யாணம் செய்தேன். இப்போது தொண்ணூற்றாறு. சர்க்கரையும் மறுபடி தலைகாட்டுகிறது. சர்ஜன் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வயிறு நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லி என்னை இரண்டாம் மாடிக்கு அனுப்பினார். இரண்டாம் மாடியில்தான் நஸ்ரின் மேடம் இருக்கிறார்.

எனக்குப் பைத்தியம் இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 27

தாளில் எழுதியது: காலை புரோட்டீன் பவுடர் ஒரு டம்ளர். பதினோரு மணிக்கு மோர். மதியம் முட்டை வெள்ளைக்கரு இரண்டு, கீரை நாலு ஸ்பூன், சோறு இரண்டு ஸ்பூன். ராத்திரி இட்லி ஒன்று, பச்சைப்பயிறு கடைசல்.

இதைத் தின்று ஒருத்தி அஞ்சு கிலோ ஏறுவாளா? தராசுதான் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

ஜூலை 30

ஆடி மாசத்தில் வேலை இல்லை என்று பேர். மல்லி, மிளகாய் வெயிலில் காய வைத்து அரைத்தேன். அண்டாக்களுக்கு ஈயம் பூச ஆள் வந்தான். ராமாத்தக்கா வந்து கரண்டிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். பதினெட்டு வருஷமாக என்கூட இருப்பவர். அறுபது வயதிலும் ஒல்லிக்குச்சி உடம்பு. இரண்டு வடைக்கு மேல் அவர் தின்று நான் பார்த்ததில்லை. இவர்களையெல்லாம் எந்த ஆஸ்பத்திரியும் இரண்டாம் மாடிக்கு அனுப்புவதில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு நோம்பி. அம்மா, அர்த்தநாரி அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் நிவேதா எல்லோரும் வந்தார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், எள்ளு, தயிர் என்று அஞ்சு வகைச் சோறு கிளறினேன். நிவேதாவுக்கு ஆவணி இருபத்தாறில் கல்யாணம். சமையல் நான்தான் என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் வெற்றிலை வைத்துச் சொன்னார்.

சாப்பிட உட்கார்ந்தபோது நான் பரிமாறினேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எளச்சுத்தான் இருக்கற. ஆனாலும் கன்னம் மறுபடி வெக்குது" என்றார். நான் ஊறுகாய் எடுக்கப் போய்விட்டேன்.

தாளில் எழுதியது: தயிர்ச்சோறு ஒரு கரண்டி.

ஆகஸ்ட் 7

கோயமுத்தூர். இரண்டாம் மாடி.

நஸ்ரின் மேடம் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாம் தேதி தாளில் நின்றார்.

"அஞ்சு வகைச் சாதம் பண்ணிருக்கீங்க. சாப்பிட்டது ஒரு கரண்டி தயிர்ச்சாதம்தானா?"

"ஆமாங்க."

"சமைக்கறப்போ வாயில எதுவும் போடலையா?"

"உப்புப் பாத்தேனுங்க."

"அது தாள்ல இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உப்புப் பாக்கறது சாப்பாடு ஆகாதுங்க மேடம். அது வேலை."

அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. சிடுசிடுவென்று பேசினாலாவது நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். "சரி, வேலைன்னே வெச்சுக்கலாம். அடுத்த கல்யாணத்துல ஒண்ணு பண்ணுங்க. ஒவ்வொரு தடவை உப்புப் பாக்கறப்பவும், எவ்வளவு வாயில போடறீங்களோ அதே அளவு ஒரு பாத்திரத்துலயும் போட்டுட்டு வாங்க. கடைசியில பாப்போம்" என்றார்.

அவ்வளவுதானே, பார்த்துவிடலாம். ஒரு சின்னப் போசி போதும், பாதிகூட நிறையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பெண்ணுக்கு நான் நிரூபித்துக் காட்டப்போவதை நினைத்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 20

நம்பியூர் கல்யாணம், அறுநூறு பேர். ஆவணியின் முதல் முகூர்த்தம். ராமாத்தக்காவிடம் போசியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். நான் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டால் அவர் அதே கரண்டியில் அதே அளவு போசியில் ஊற்ற வேண்டும். ஒரு அட்டைப்பெட்டி மேல் பேனாவால் கோடு போட வேண்டும்.

இரண்டு லிட்டர் போசி. பத்தரை மணிக்கு நிறைந்துவிட்டது. ராமாத்தக்கா இன்னொரு போசி எடுத்து வந்தார்.

ஆகஸ்ட் 21

நேற்று மேலே எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன். இன்றைக்கு மிச்சத்தை எழுதுகிறேன்.

இரண்டாவது போசியில் பாதி. சாம்பாரும் பாயசமும் கூட்டும் ரசமும் கேசரியும் ஒன்றாகக் கலந்து, கழுநீர்த் தொட்டி மாதிரி இருந்தது. அட்டைப்பெட்டியில் நாற்பத்தேழு கோடு.

"நீங்க வேணும்னே அதிகமா ஊத்திட்டீங்க" என்று ராமாத்தக்காவிடம் கத்தினேன். எல்லா ஆட்களும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் கம்மியாத்தான் ஊத்துனேன் அம்மிணி. நீ கேசரிய மூணு தடவ பாத்த, நான் ஒரு கோடுதான் போட்டேன்" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பந்தி முடியும் முன்னே மண்டபத்தைவிட்டுக் கிளம்பினேன். டெம்போவில் வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 24

கோயமுத்தூர். அட்டைப்பெட்டியின் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன். எனக்குத் தைரியம் இருக்கிறது என்று காட்டத்தான்.

நஸ்ரின் மேடம் கோடுகளை எண்ணினார். "நாப்பத்தேழு தடவை பாத்ததுல, எத்தனை தடவை அப்புறமா உப்பு சேத்தீங்க?" என்று கேட்டார்.

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. யோசித்தேன். ரசத்தில் ஒரு தடவை. அவ்வளவுதான். என் கை அளவு தப்பாது. நூறு பேர் சாம்பாருக்கு எத்தனை பிடி என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அது ஊருக்கே தெரியும்.

"அப்போ மீதி நாப்பத்தாறு தடவை எதுக்குப் பாத்தீங்க?"

"அப்ப நான் திருடித் திங்கறேன்னு சொல்றீங்களா?"

"திருடிங்கற வார்த்தைய நான் சொல்லலைங்க."

எழுந்து வந்துவிட்டேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. படியில் இறங்கினேன். முட்டி வலிக்கவில்லை, அதை அந்த நேரத்திலும் கவனித்தேன். இனி அந்த மாடிக்குப் போவதில்லை. நாலு புஸ்தகம் படித்துவிட்டால் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பு.

ஆகஸ்ட் 27

சத்தியமங்கலத்தில் கல்யாணம். எழுநூறு பேர். வெயில் ஒத்துக்கொள்ளாமல் ஸ்டோர் ரூமில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். வேறொன்றும் இல்லை. தாளில் எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 28

எனக்குத் தெரியாமல் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். நிவேதா கல்யாணத்துக்கு வேறு சமையல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"நேத்து நீ அரிசி மூட்டை மேல கிடந்ததப் பாத்தேன் புள்ள. சேலையெல்லாம் நனஞ்சு, கையி ஐஸாட்ட இருந்துச்சு. மண்டபத்துல வேல செய்யற வரைக்கும் இது தீராது. அடுப்ப விட்டுரு. பாத்திர வாடகை போதும் நமக்கு" என்றார்.

"அடுப்ப விட்டுட்டு?"

"வீட்ல இரு."

"வீட்ல அடுப்பு இல்லீங்களா?"

 டெம்போவைக் கழுவப் போய்விட்டார். அழுக்கே இல்லாத டெம்போ. அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். ஆனால் பயந்தவர்கள் எல்லாம் என் தொழிலில் கை வைப்பதற்கு நான் விட முடியாது.

சாயங்காலம் அம்மா போனில் வந்தார். "வாயக் கட்டத் தெரியாதவளுக்கு ஆபரேசன் எதுக்கு? அண்ணன் கல்யாணத்துல நீ அத்தையா வந்து கௌரவமா நில்லு, அது போதும். எங்கியாவது மயக்கம் போட்டு விழுந்து மானத்த வாங்கிறாத" என்றார்.

"அண்ணனுக்கு அம்பத்திரண்டு வயசாச்சுங்கம்மா. கல்யாணம் நிவேதாவுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

ஆகஸ்ட் 29

வெயில் என்று எழுதியது பொய். யாரும் படிக்காத நோட்டிலும் பொய் எழுதியிருக்கிறேன்.

லட்டுப் பிடிக்கப் பாகில் ஊறிக்கொண்டிருந்த பூந்தி. பதம் பார்க்கிறேன் என்று ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டேன். பதம் பார்க்கத் தாழ்ப்பாள் எதற்கு? சோறும் சப்பாத்தியும் இந்த வயிற்றில் அடைத்துக்கொள்ளும். பாகில் ஊறியது அடைக்காது, வழுக்கிக்கொண்டு போகும். அதை வைகாசியிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தேன். இனிப்பு ஒரேயடியாக இறங்கினால் இந்த வயிறு தாங்காது, மயக்கம் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் இருந்தார்கள். ஒரு கிண்ணம் முடிந்து இன்னொன்று. ருசி இரண்டாவது வாயோடு போய்விட்டது. கை நிற்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று நானே சொல்லிக்கொண்டு தின்றேன்.

கால் மணி நேரத்தில் நெஞ்சு தடதடவென்று அடித்தது. வேர்த்துக் கொட்டியது. கண் இருண்டது. ராமாத்தக்கா கதவைத் தட்டி, "தாப்பாளத் தொற அம்மிணி, தொற சாமி" என்று கெஞ்சினார். நான் எழுந்து முதலில் வாயைத் துடைத்தேன். கிண்ணத்தை மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். அப்புறம்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். அந்த நேரத்திலும் வாயைத் துடைத்தேன் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 31

மூன்று நாளாக அதையே யோசிக்கிறேன். யாருக்கு மறைக்கத் துடைத்தேன்? ராமாத்தக்கா எனக்கு மாமியாரா?

எனக்குப் பதினோரு வயது. நானும் அண்ணனும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்திலிருந்து வருவோம். அண்ணன் தட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே இருப்பார். நான் தட்டை நீட்டினால், "ஏற்கனவே உருண்டையா இருக்கற. உன்னை எவன் கட்டுவான்?" என்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னாலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மூன்று வீடு தள்ளியிருந்த பெரியம்மாகூட என் தட்டை எட்டிப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தாலே எனக்கு முதுகு கூசும். அதனால் எல்லோரும் எழுந்து போன பிறகு, நின்றுகொண்டே, சட்டியிலிருந்து எடுத்து விழுங்கப் பழகினேன். ருசி தெரியாது. யாரும் வருவதற்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிமூன்று வயதில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். சமையல் கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சமையல்காரர் என்னைப் பார்த்து, "கண்ணு, இந்தக் குருமாவுல உப்புப் பாரு" என்று கை நிறைய ஊற்றினார். நக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்துவிட்டார். கண்ணை உருட்டி வாயைத் திறந்தார். சமையல்காரர், "புள்ள உப்புப் பாக்குதுங்க" என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா வாயை மூடியதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அடுத்து பாயசத்துக்கு உப்பு... இல்லை, இனிப்பு பார்த்தேன். அப்புறம் வடை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு நான் ஏன் வந்தேன் என்று பத்திரிகைக்காரப் பையன் ஒருவன் கேட்டபோது கைப்பக்குவம், கடவுள் கொடுத்தது என்றெல்லாம் சொன்னேன். உண்மை இதுதான். தின்றாலும் திட்டு விழாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று ஒரு குண்டுப் பெண் கண்டுபிடித்தாள்.

ஆனால் அப்படி வந்தவள் நல்ல சமையல்காரியாக ஆகியும் விட்டேன். அதையும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

செப்டம்பர் 1

நஸ்ரின் மேடத்துக்குப் போன் செய்து திங்கட்கிழமைக்கு நேரம் கேட்டேன். ஏன் கோபித்துக்கொண்டு போனீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போகாமல் இருந்திருப்பேன்.

செப்டம்பர் 4

எல்லாவற்றையும் சொன்னேன். பூந்தியை, தாழ்ப்பாளை, வாயைத் துடைத்ததை, அம்மாவை. ஒரு மணி நேரம் அழவில்லை. கடைசியில் மேடம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தபோது அழுதுவிட்டேன். அதற்கு என்ன காரணம் என்று தெரியவில்லை. வெறும் தண்ணீர்தான்.

"அடுப்ப விடச் சொல்லுவீங்கன்னா இப்பவே சொல்லிருங்க. நான் கிளம்பறேன்" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். உங்க கை அளவு தப்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப உப்புப் பாக்கற வேலைய மட்டும் வேற யாருக்காவது குடுக்கலாமே."

இதைச் சொல்ல இவருக்கு நாலு சந்திப்பா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எனக்குத்தான் நாலு தேவைப்பட்டது.

பிறகு கேட்டார். "நாலு பேர் பாக்க, இலை போட்டு உக்காந்து, நிதானமா ஒரு சாப்பாடு நீங்க கடைசியா சாப்பிட்டது எப்போ?"

ரொம்ப நேரம் தேடினேன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று இரண்டு வாய் தின்றுவிட்டு இலையை மூடினேன். அது கணக்கில்லை. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. லட்சம் பேருக்கு இலை போட்டிருப்பேன். எனக்கு ஒன்று போட்டுக்கொண்டதில்லை.

"முதல்ல உங்க வீட்டுக்காரர் முன்னால உக்காந்து சாப்பிட்டுப் பாருங்க. இருபது, இருபத்தஞ்சு நிமிஷம். மறைக்காம சாப்பிடறப்ப எவ்வளவு போதும்னு உங்க வயிறே சொல்லும். சொல்றப்ப நிறுத்தணும், அவ்வளவுதான்" என்றார்.

செப்டம்பர் 5

சாப்பிட்டேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"என்னைப் பாருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான் திங்கறேன், பாருங்கன்னா பாருங்க."

டிவியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். வாயில் போட்டது இறங்கவில்லை.  இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் முன்னால் கால் தோசையும் ஒரு முட்டையும் தின்பதற்கு எனக்கு வேர்த்தது. நாலாவது வாயில் அவர், "நீ மெல்லும்போது மூக்கு ஆடுது புள்ள" என்றார். இருவரும் சிரித்ததில் புரையேறிவிட்டது.

அப்புறம் ஸ்டோர் ரூம் விஷயத்தை அவரிடம் சொன்னேன். வெயில் இல்லை என்றேன். "தெரியும்" என்றார். கிண்ணத்தை மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கழுவி வைத்தது அவர்தானாம்.

செப்டம்பர் 7

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நிவேதா கல்யாணத்துக்கு நான்தானுங்க சமைக்கறேன். வேற ஆள் பாத்திருந்தா வேண்டாம்னு சொல்லிருங்க."

"உனக்கு ஒடம்பு..."

"ஒடம்பு என்னுதுங்கண்ணா. வெத்தல நீங்க வெச்சது. அத மாத்தறதுன்னா எங்கிட்ட வந்து நேர்ல மாத்துங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் இருமினார். சரி என்றார்.

உப்புப் பார்க்கும் உத்தியோகத்தை ராமாத்தக்காவுக்குக் கொடுத்தேன். "எனக்கு பிரசர் இருக்குது அம்மிணி, டாக்டரு உப்பே ஆகாதுன்னுட்டாரு" என்று முறுக்கிக்கொண்டார். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிடுங்கள் என்றேன். "அண்டாவுக்குப் பக்கத்துல நின்னு துப்பச் சொல்றயே, வெளங்குமா?" என்றார். கடைசியில் ஒரு அண்டாவுக்கு ஒரு தடவை, ஒரு ஸ்பூன் என்று ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 9

எடை தொண்ணூற்றைந்தரை. அரைக் கிலோ குறைந்திருக்கிறது. நேற்று ஒரு கைப்பிடி மிக்சர் நின்றுகொண்டே தின்றேன். அதையும் தாளில் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 12

நேற்று நிவேதா கல்யாணம். ஆயிரத்து நூறு பேர்.

விடியற்காலையிலிருந்து அடுப்பில் நின்றேன். கேசரி, கூட்டு, பொரியல், சாம்பார், ரசம், பாயசம், பச்சைப்பயிறு கடைசல். என் வாயில் ஒரு சொட்டுப் படவில்லை. அதைச் சுலபம் என்று எழுதமாட்டேன். பாயசம் கொதித்தபோது இரண்டு தடவை உள்ளங்கையை நீட்டிவிட்டு இடுப்பில் துடைத்துக்கொண்டேன். ராமாத்தக்கா ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்துவிட்டு, கோயில் பூசாரி மாதிரி தலையாட்டினார். உப்பு எதிலும் தப்பவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் கரண்டியை ராமாத்தக்கா கையில் கொடுத்தேன். முகம் கழுவிப் பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். முதல் பந்தி. அம்மா சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. அதில் உட்கார்ந்தேன்.

"அடுப்ப யாரு பாக்கறா?" என்றார் அம்மா.

"ஆள் இருக்குதுங்கம்மா."

இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தேன். நான் கூலி கொடுத்துக் கூட்டி வந்த ஆட்களே எனக்குப் பரிமாற வந்தார்கள். கேசரிக் கரண்டி என் இலைக்கு வந்தபோது, அம்மாவின் கை குறுக்கே நீண்டு இலையை மறைத்தது. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. சம்பந்தியம்மாவோடு பேசிக்கொண்டே, "அவளுக்கு வெக்காத" என்றார். முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம், கைக்குத் தானாக வருகிறது.

அந்தக் கையைப் பிடித்து எடுத்து அவர் இலைப் பக்கம் வைத்தேன்.

"வேணுமா வேண்டாமான்னு நான் சொல்றேனுங்கம்மா."

எதிர்வரிசை வரை கேட்டிருக்கும். சம்பந்தியம்மா அப்பளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்திவிட்டார். பரிமாறுகிறவனிடம், "கேசரி வேண்டாம். பயிறு ஒரு கரண்டி வெய்யி. கூட்டு ஒரு கரண்டி. சோறு இத்துனூண்டு" என்றேன். வைத்தான்.

சாப்பிட ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்றேன். பயிறு கடைசலில் பூண்டு நன்றாக வெந்திருந்தது. என் சமையல் இப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. உப்பு சரியா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பத்து நிமிஷத்தில் வரிசை எழுந்துவிட்டது. நம் ஊரில் பந்தி எழுவதற்கு முன்னாலேயே அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்களே, அப்படி என் பின்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றார். நாற்காலி முதுகில் கை வைத்தார். தொண்டையைச் செருமினார். மேசைக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே வந்த என் வேலையாள் பொன்னாயாள், என் இலை வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சுத்திக் கிழிச்சுக்க பொன்னாயா" என்றேன். என் இலையை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் கிழித்தாள். புதுக் காகிதம் விரித்து அடுத்த பந்திக்கு இலை போட்டார்கள். அவர்களுக்கும் கேசரி வந்துவிட்டது. நான் என் ஏழாவது கவளத்தை மென்றுகொண்டிருந்தேன்.

பெரியப்பா குனிந்தார். "ஏனுங், முடிச்சிட்டீங்ளா?"

"இல்லீங்."

கை கழுவப் போன அம்மா திரும்பி வந்து என் தோளைக் கிள்ளினார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஊரே நின்னு பாக்குது. மானம் போகுது. எந்திரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நான் வாயில் இருந்ததை முழுசாக மென்று விழுங்கினேன். அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் காத்திருந்தார்.

"பாக்கட்டுங்கம்மா. நான் சாப்புட்டுட்டு இருக்கேன்."